லண்டன் விமானத்துக்கு வைத்த பொட்டு

ரொறன்ரோ,
18.10.1994

பெருமதிப்புக்குரிய மாமி அவர்களுக்கு,

உங்கள் மருமகன் செல்வரட்ணம் எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் அவ்வளவு பெரிய பொய்க்குக் கை வளையவில்லை. உங்கள் முழங்கால் நோவாவது குறைந்திருக்கப் பிள்ளையார் அருள் செய்வாராக.

முதலில் நீங்கள் பதற வேண்டாம். தவமணியும் பிள்ளை மயூரியும் பத்திரமாய் லண்டனில் நிற்கிறார்கள். நேற்று மத்தியானம் இங்கே வந்து இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அதற்குக் காரணம் நான். இதைச் சொல்லச் சற்று முன் வேலையிடத்திலிருந்தே கொழும்பு வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்தேன். "மாமி அனுப்பின குங்குமத்தாலை" என்று தொடங்கியதுதான் தாமதம், உங்கள் லொட்ஜ்காரர் யாருக்கோ கலியாணம் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

மருமகன் கனடாவில் விமானம் திருத்துகிறார் என்று நீங்கள் அயலுக்குள் சொல்லி வருகிறீர்களாம். திருத்துகிறவர்கள் சிந்துகிற எண்ணெயைத் துடைக்கிறவன் நான். போன கிழமை எங்கள் கொட்டகைக்கு ஒரு பெரிய விமானம் சோதனைக்கு வந்து நின்றது. அது திரும்பப் பறக்கப்போகிற நாளும் இடமும் பலகையில் எழுதியிருந்தது. பார்த்தால், லண்டனுக்குப் போய் என் மனிசி பிள்ளையை ஏற்றிவரப்போகிற விமானமே அதுதான். மாமி, இத்தனை வருடமாய் நான் துடைத்துவிட்ட விமானங்களில் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் தகப்பன்மாரிடம் வந்து இறங்கிவிட்டார்கள். சீற்றுக்கு அடியில் யாராவது குழந்தையின் செருப்பு கிடந்தால், மயூரிக்கு இப்போது கால் எந்தளவு இருக்கும் என்று என் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். நான் வெளிக்கிட்டபோது அவள் தவழ்ந்து திரிந்தவள். அன்றைக்கு அந்த விமானம் நிலத்தில் ஊன்றி நிற்கிற சில்லுக்காலைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது. எங்களை மேய்க்கிற போர்மன் கோர்டன் பார்ப்பான் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் புதுச் சைக்கிள் வாங்கினாலே பொட்டு வைக்காமல் ஏறுவோமா? நீங்கள் பார்சலில் அனுப்பிய கோயில் குங்குமத்தை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, முன் சில்லுக்காலில் ஒருவர் கண்ணிலும் படாத மடிப்பில் வடிவாய் ஒரு பொட்டு வைத்தேன். கொட்டகைச் சூட்டில் அது உருகிக் கோடாய் வழிந்திருக்கிறது. அந்தக் காலுக்குள் ஓடுகிற எண்ணெயும் சிவப்பு. நாள்தோறும் அதைத் துடைக்கிறவன் நான், ஆனாலும் எனக்கு அது யோசனையில் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் பொட்டைக் காணவில்லை, யாரோ துடைத்துவிட்டார்கள், இதென்ன அபசகுனம் என்று இன்னும் பெரிதாய் வைத்தேன், அடுத்த நாளும் காணவில்லை, திரும்பவும் வைத்தேன். இதற்கிடையில் கோர்டனின் ஆட்கள் குழாயை மாற்றி, குழாய் இணைப்பை மாற்றி, ஆளுக்காள் கத்திக்கொண்டு திரிந்தார்கள். துடைக்கிறவனுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் ஆங்கிலத்துக்குப் பயந்து நானும் கேட்கவில்லை. சாவி, சுத்தியல் எடுத்துக் கொடுக்கிற அறையில் நிற்கும் எங்கட பெடியன் அருள்நாயகத்தைத்தான் கேட்டேன்.

"விமானத்துக்கு என்ன தம்பி வருத்தம்?"

"ஒருத்தருக்கும் விளங்கேல்லை அண்ணை. எங்கையோ ஒழுகுதாம். துடைச்சா நிக்குது, விடிஞ்சா திரும்ப வருகுதாம்."

"ஐயோ, எங்கட ஆக்கள் வாறது உதிலையெல்லோ!"

"அப்ப நல்லாக் கும்பிடுங்கோ. வேற வழியில்லை."

நல்லாய்க் கும்பிட்டேன். மற்றச் சில்லுக்கால்களுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தேன். எல்லாக் காலும் ஒழுகுகிற விமானத்தை யார் பறக்க விடுவார்கள்? லண்டன் பயணம் நின்றது.

இன்று நான் வேலைக்கு வந்து, இனியாவது சுகம் வரட்டும் என்று குங்குமத்தோடு குனிகிறேன், சில்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கோர்டன் காவல் இருந்திருக்கிறான்.

"செல்வா, என்ன செய்யிறாய்?"

"கடவுளுக்கு, சேர்."

"எந்தக் கடவுளுக்கு எண்ணெய் ஒழுகவேணும்?"

"என்ர மனிசியும் மகளும் இதிலைதான் வரவேணும் சேர். ஒரு பிழையும் வராமல் வரவேணும் எண்டு..."

என் விரலை மூக்கடியில் வைத்து முகர்ந்தான். தொப்பியைக் கழற்றினான். அப்படியே நிலத்தில் இருந்தான். உடம்பு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து முதுகைத் தடவப் போனேன், பார்த்தால் சிரிக்கிறான். "மகளுக்கு எத்தினை வயசு?" என்றான். ஐந்து என்றேன். கடைசியாய் எப்போது கண்டாய் என்றான். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"போய் ரீ குடிக்கிற அறையில இரு. ஒண்டிலையும் தொடாதை."

அங்கிருந்துதான் எழுதுகிறேன். விமானம் நாளைக்குப் பறக்குமாம். விமானக் கொம்பனிக்கு எடுத்தால் பாட்டு மட்டும் கேட்கிறது. தவமணி எங்கள் அறைக்கு எடுத்திருந்தாலும் பதில் வந்திராது. கூட இருக்கிற அன்புராசா பிறம்ரன் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்து படுத்தால், காதுக்குள் மணி அடித்தாலும் எழும்பான். அவள் லண்டன் குளிருக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். திட்டட்டும். கிட்ட நின்று திட்டினால் இன்னும் நல்லாயிருக்கும். நேர்த்திப் பொங்கலை மட்டும் இரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

உங்கள் வாழ்த்து ஒன்றுதான் எனக்குப் பலம், அதை அங்கிருந்தபடியே, ஒன்றிலும் பூசாமல் அனுப்பவும்.

பணிவுள்ள மருமகன்,
செ. செல்வரட்ணம்

பி.கு.: மாமி, மேலே எழுதியது அவ்வளவும் பிழை. இப்போதுதான் அன்புராசா ரெலிபோன் எடுத்தான். லண்டனில் அவர்களை வேறு கொம்பனி விமானத்தில் மாற்றி ஏற்றிவிட்டார்களாம். காலையிலேயே வந்து இறங்கி, என்னைக் காணாமல், எங்கட பெடியன் ஒருவனின் ரக்சியில் ஏறி, அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். தட்டின தட்டில் அன்புராசா சாரத்தோடு எழும்பிக் கதவைத் திறக்க, மயூரி "அப்பா" என்று ஓடிப்போய் அவன் காலைக் கட்டிப்பிடித்துவிட்டதாம். "அண்ணை, கெதியா வாங்கோ. நான் அப்பா இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. பிள்ளை காலை விடுதுமில்லை" என்கிறான். கோர்டன் காரை எடுத்துவரப் போய்விட்டான். பிள்ளையின்ர கை களைக்கிறதுக்கு முந்தி நான் போய்ச் சேரவேணும்.