நொய்யலில் போட்ட பன்னிரண்டு தேங்காய்கள்

திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவே தினமும் எத்தனையோ ஆயிரம் பேர் போய் வருகிறார்கள். அவர்களில் சுற்றுலா போய் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை எல்லோரும் ‘டூரிஸ்ட்டு’ என்றே கூப்பிட்டார்கள்.

பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் சப்ளை செய்கிற ஏஜென்ட் அவர். ஐம்பது வயதிருக்கும். காலையில் கோவை, மத்தியானம் திருப்பூர், சாயங்காலம் மறுபடி கோவை. கன்னியாகுமரியைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்.

“தினமும் பாக்கிற ரோடுதானே அண்ணாச்சி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“நேத்து பாத்தது நேத்தைய ரோடுங்க தம்பி” என்றார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. திருப்பூர் ராயபுரத்தில் ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. கம்பெனிக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ குடிக்கும்போதுதான் டூரிஸ்ட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கோயமுத்தூர்ல வழி கேட்டா, கூடவே நடந்து வந்து காட்டுவாங்க. திருப்பூர்ல வழி கேட்டா என்ன ஆகும், சொல்லுங்க பாக்கலாம்?”

“தெரியலியே அண்ணாச்சி.”

“அதேதானுங்க! கேக்கறவரும் ஊருக்குப் புதுசு, சொல்றவரும் ஊருக்குப் புதுசு!”

இப்படி ஆயிரம் வைத்திருந்தார். கோவையில் ஒருவர் டீயை ஆற்றி முடிப்பதற்குள் திருப்பூரில் மூன்று பேர் நின்றவாக்கில் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போயிருப்பார்கள். சாயங்கால ஆறு மணிக்குத் திருப்பூரில் எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும். அது பஞ்சு, குளித்தால் போய்விடும். சேவூர்ப் பக்கம் சோளக்காட்டுப் பொம்மை ஒன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டீ ஷர்ட் போட்டிருக்கிறது. “நம்ம சுத்துவட்டாரத்துலயே அதிகம் படிச்சது அதுதானுங்க.”

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு நாள், பேக்கரிக்காரர் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை விட்டார்: “மேற்கே மழைங்க. காலைல கோயமுத்தூர்ல ஓடற தண்ணி சாயங்காலம் நம்ம நொய்யல் பாலத்துக்கு வந்துரும்.”

டூரிஸ்ட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ரயிலுக்கு ஒரு மணி நேரம். பஸ்ஸுக்கு அதுக்கு மேல. ஆத்துக்கு எவ்வளவுன்னு யாராச்சும் பாத்தீங்களா?”

யாரும் பார்த்ததில்லை. அதுதான் வினையானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் கோவையில் நொய்யல் கரையில் நின்று பன்னிரண்டு நெற்றுத் தேங்காய்களை வெள்ளத்தில் விட்டார். ஒவ்வொன்றுக்கும் பளபளக்கும் பச்சைப் பனியன் துணியில் ஒரு சட்டை. அதில் அவருடைய போன் நம்பரோடு, தொழில் தர்மம் மாறாமல், ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று ஒரு லேபிள். திருப்பூர்ப் பாலத்தின் மேல் நின்று முதல் தேங்காய் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்வது என் வேலை.

பத்து மணி வரைக்கும் தனியாக நின்றேன். பிறகு ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை, ஊரே தெருவில். பதினோரு மணிக்கு ஆற்றில் முதலை வந்திருப்பதாகப் பேச்சு. ஒரு வடநாட்டுப் பையன் வீடியோ எடுத்தான். பன்னிரண்டு மணிக்கு யாரோ விழுந்துவிட்டார்கள் என்றாகி, அது யாரென்றே தெரியாமல் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

“என்னய்யா பாக்கறே?”

“தேங்கா வருது சார்.”

“எங்கிருந்து?”

“கோயமுத்தூர்லேந்து சார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், பஸ்ல வராதா?”

ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். போன் செய்ததும் டூரிஸ்ட்டு பஸ் பிடித்து ஓடி வந்தார். அன்றைக்கு மட்டும் ஜன்னல் சீட்டு பார்க்கவில்லை, நின்றுகொண்டே வந்தார் என்று பிறகு தெரிந்தது. “தம்பி மேல தப்பில்லீங்க சார். சந்தேகம் என்னோடதுங்க” என்று கைகூப்பினார். முழுக் கதையையும் கேட்ட சப்-இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எத்தனை மணிக்குப் போட்டீங்க?”

“ஆறரைங்க சார்.”

“அப்ப இன்னும் வந்திருக்காது” என்று சொல்லி, எச்சரித்து அனுப்பினார்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. டூரிஸ்ட்டு மூன்று நாள் பேக்கரிக்கு வந்து டீ குடித்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் போனார். “ஏனுங்க, உடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்று பேக்கரிக்காரரே பயந்துபோனார்.

நாலாம் நாள் அவருக்குப் போன் வந்தது.

“தேங்காக்காரருங்களா? உங்க தேங்கா ஒண்ணு எங்கூர்க் குளத்துல ஒதுங்கியிருக்குதுங்க. கொண்டாந்து குடுக்கோணுங்களா, நீங்களே வாறீங்களா?”

சூலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அந்த ஞாயிறு இருவரும் போனோம். சாப்பாடு போட்டுத்தான் தேங்காயைக் கொடுத்தார். அங்கே நின்று பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வழியெல்லாம் தடுப்பணை, வாய்க்கால், குளம். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கரையோரமாகவே நடந்து, குளம் குளமாக விசாரித்தோம். பன்னிரண்டில் ஐந்துக்குத் துப்புக் கிடைத்தது. ஒன்றைப் பிள்ளையாருக்கு உடைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா வாசலுக்கு வந்து, “சட்னி அரைச்சுட்டோமுங்க. சட்டை மட்டும் இருக்குது, தரட்டுங்களா?” என்றார்.

ஒன்றுகூடத் திருப்பூர் வந்து சேரவில்லை. டூரிஸ்ட்டுக்கு அதில் துளி வருத்தமில்லை. பேக்கரியில் எல்லோருக்கும் டீ சொல்லி முடிவை அறிவித்தார்: “ஆறு நம்மளாட்ட நேரா வேலைக்குப் போறதில்லீங்க. வழியில ஒவ்வொரு ஊட்டுலயும் ஒக்காந்து பேசிட்டுத்தான் வருது.”

பல வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறேன். அந்த ஐப்பசியில் ஊருக்கே திரும்பிவிடுவதென்று பையைக் கட்டி வைத்திருந்தேன். அந்தக் கரைகளில் அவரோடு நடந்ததில்தான் எப்போதோ இது என் ஊரானது. இதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால், எந்த ஞாயிறு, எந்தக் குளத்துக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு என்று கேட்பார்.