பதினைந்து நிமிடப் பதிவேடு

காலத்தை வெல்வதற்காக முனிவர்கள் காட்டுக்குப் போய்ப் பல்லாண்டு தவம் கிடந்தார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் மனோகரன், 1992 மார்ச்சில் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் மூன்றே நாள் பயிற்சிக்கு உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுடன், காலத்தை வென்று திரும்பினார். போகும்போது கையில் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. வரும்போது தோல் அட்டை போட்ட டைரியும் கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்சும் சேர்ந்திருந்தன.

வந்த அன்றே கூட்டம் போட்டார். காலை பத்து முதல் பதினொன்று வரை 'ஒருமுக வேளை'. யாரும் பேசக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. தவிர, ஆளுக்கொரு பதிவேடு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அதுவரை என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும்.

வாஷர் ஓரத்துப் பிசிறை வெட்டுகிற ஞானகுமாரிக்கு நியாயமான சந்தேகம் வந்தது.

"சார், எழுதற நேரத்துல இன்னா செஞ்சேன்னு போடறது?"

"எழுதினேன்னு போடும்மா."

"அத்த எழுதற நேரத்துக்கு?"

மனோகரன் ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். "இந்தக் கேள்விக்கு ஒதுக்கின நேரம் முடிஞ்சிடுச்சு."

பதிவேட்டின் முதல் பக்கம் புனிதமானது. அதில் அவரவர் 'வாழ்க்கை லட்சிய'த்தைத் தேதியோடு எழுத வேண்டும். எழுதி வைத்த லட்சியம் நடந்தே தீரும் என்பது மவுண்ட் ரோட்டில் கிடைத்த ஞானம். பக்கத்து மேசை ரோஸி வேலை நிரந்தரமாகிப் பத்து வருடம் ஆனவள். "செவ்வாய்க்கிழமை லீவு" என்று எழுதி மூடி வைத்துவிட்டாள்.

ஞானகுமாரி தற்காலிகம். இரண்டு வருடத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அப்புறம் "நாளையிலிருந்து வராதே" என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட முடியாது. மேனாம்பேட்டு வீட்டுக் காலண்டரில், வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் கோடு போட்டுவந்தாள். இன்னும் நூற்றிருபத்துச் சொச்சம் நாள்தான் பாக்கி. ஆபீஸில் யாரும் இதை எண்ணியதில்லை. அவர்களுடைய வருகைப் பதிவேட்டில் பாதிப் பக்கங்கள் டீக்கறையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் முத்துமுத்தாக எழுதினாள்: "பெர்மனன்ட் ஆவது. ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை."

ரோஸி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பைத்தியமாடி நீ? இத்தப் போய் அந்தாளாண்ட எழுதிக் குடுக்கறே?"

"எழுதுனா நடக்கும்னு அவருதானேக்கா சொன்னாரு."

பதிவேடுகள் போயின. முதல் பக்கங்களை மனோகரன் ஒன்று விடாமல் படித்தார். மற்ற பக்கங்களை அன்றிலிருந்து அவர் படித்ததே இல்லை. ஒரு காகிதத்தை ஒரே தடவைதான் தொட வேண்டும் என்பது பயிற்சி. தொட்டு, "சரிபார்க்கப்பட்டது, உண்மை" என்று எழுதிக் கையெழுத்திடுவார். இரண்டு வினாடியில் வேலை முடிந்துவிடும்.

கம்பெனி முன்னேறத் தொடங்கியது. ஏப்ரலில் சரக்கு ஏற்றுவதற்காகப் பூந்தமல்லியிலிருந்து லாரியோடு வந்த ஷேக் தாவூத், பத்தேகாலுக்கு வாசலில் நின்று கத்தினார்.

"சரக்கு ஏத்தணும்! யாராச்சும் உள்ள கீறீங்களா?"

இருபத்திரண்டு பேர் உள்ளே கீறார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"இன்னா நைனா, செவுட்டுக் கம்பெனியா கீது!" என்று அவர் காலி லாரியோடு திரும்பிப் போனார். மனோகரன் டைரியில் 'ஒருமுகம்: நூற்றுக்கு நூறு' என்று குறித்துக்கொண்டார். மே மாதம் மின்சாரம் போய் எல்லாரும் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதும் அதே மதிப்பெண்தான்.

ஞானகுமாரி எதையும் கேலி செய்யவில்லை. இன்னும் வேகமாகப் பிசிறு வெட்டினாள். ஜூலையில் காய்ச்சல் நூற்றிரண்டு அடித்தபோதும் வேலைக்கு வந்து, "காய்ச்சலோடு வெட்டினேன்" என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதினாள். ஒரு நாள் விட்டாலும் தேதி தள்ளிப்போய்விடும் என்ற பயம் அவளுக்கு.

ஆகஸ்ட் பதிமூன்று, வியாழக்கிழமை. நானூற்று எழுபத்தொன்பதாவது நாள். சாயங்காலம் சரியாக நாலே முக்காலுக்கு மனோகரன் அவளை அழைத்தார்.

"நாளையிலேர்ந்து ரெஸ்ட் எடுத்துக்கோம்மா. மூணு மாசம் கழிச்சுப் புதுசா அப்ளிகேஷன் போடு, பார்க்கலாம்."

"சார், நாளைக்கு ஒரே ஒரு நாளு சார். நாளைக்கு மட்டும் வந்துட்டா..."

"தெரியும்மா. நீ எழுதிக் குடுத்த அன்னிக்கே டைரியில குறிச்சுட்டேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். "ஒரு வேலைய நாளைக்குன்னு தள்ளிப்போடறதுதான் மனுஷனுக்கு முதல் எதிரி. பயிற்சியில முதல் பாடமே அதான்."

அவளுக்கு அழுகை வரவில்லை. மேசைக்குத் திரும்பி, பதிவேட்டைத் திறந்து, அன்றைய கடைசிக் கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பினாள்: "4.45 முதல் 5.00 வரை: மேனேஜர் என்னுடைய ஒரு நாளைத் திருடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ரோஸி அதைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தானே பதிவேட்டை வாங்கிக்கொண்டு போய் மேனேஜர் மேசையில் வைத்தாள்.

மனோகரன் படித்து நேரத்தை வீணாக்கவில்லை. "சரிபார்க்கப்பட்டது, உண்மை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கம்பெனியில் அவர் போட்ட கையெழுத்துகளிலேயே பொய்யில்லாதது அது ஒன்றுதான்.