புருவம் உயர்த்திய முருகன்

ஒரே ஒரு முகத்தை மட்டும் வரையத் தெரிந்தவர்கள் ஓவியர் என்று பெயரெடுத்துவிடக் கூடாது. எடுத்தாலும் அது அப்பாவின் காதுக்குப் போகக் கூடாது. போனாலும் அந்த அப்பா தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் குழுவின் தலைவராக இருந்து தொலைக்கக் கூடாது. எனக்கு எல்லாமே நடந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சின்னச் சின்னச் சில்லுகளைப் பெரிதாக்கிப் பார்த்து, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டால் நான் வேறு ஆள். 'தூரிகைத் தேவதை' என்ற பெயரில் (சிரிக்காதீர்கள், அந்த வயதில் எல்லோருக்கும் இப்படி ஒரு பெயர் இருந்தது) இணையத்தில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். சொந்தக் கதை இல்லை. டிவியில் ஓடிய ஒரு தமிழ் சீரியலின் நாயகனான இன்ஸ்பெக்டர் ஆரூரனை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்து என் கதையில் குடிவைத்திருந்தேன். ரசிகர் புனைவு என்று இதற்கு கௌரவமாக ஒரு பெயர் உண்டு. அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளையை நம் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போடுவது என்றும் சொல்லலாம்.

சீரியலில் அவருக்கு சஹானா என்று ஒரு ஜோடி உண்டு. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. முதல் அத்தியாயத்திலேயே அவளை ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏற்றிவிட்டேன். அவள் இடத்துக்கு யாழிசை என்றொரு பெண் வந்தாள். பினாங்குக்காரி, தொழிற்சாலையில் வேலை, மோவாயின் இடது பக்கம் ஒரு மச்சம். (எனக்கும் அதே இடத்தில் மச்சம் உண்டு. தற்செயல்தான்.)

ஆரூரனுக்கு நடிப்பில் தெரிந்தது ஒன்றே ஒன்று, இடது புருவத்தை உயர்த்துவது. காதல் வந்தாலும் உயர்த்துவார், கள்ளனைப் பிடித்தாலும் உயர்த்துவார், அம்மா செத்தபோதும் உயர்த்தினார். என் கதையில் அந்தப் புருவம் கீழே இறங்கியதே இல்லை. அத்தியாயத்துக்கு ஒரு படமும் நானே வரைந்து போடுவேன். இரண்டு வருடம் ஒரே முகம், ஒரே பக்கச் சாய்வு, ஒரே புருவம்.

'பட்டர்வொர்த் பைரவி' என்ற பெயரில் ஒரு வாசகி இருந்தாள். ஒருமுறை கருத்துப் பகுதியில் எழுதியிருந்தாள்: "அக்கா, கதை ஓகே லா. ஆனா படத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. வில்லனுக்கும் ஆரூரன் மூஞ்சி, ஆரூரனோட தாத்தாவுக்கும் ஆரூரன் மூஞ்சி. தலைமுடி மட்டும்தான் நரைச்சிருக்கு."

"அது என் பாணி" என்று பதில் போட்டேன். மகா கலைஞர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாங்கள் தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் குடியிருந்தோம். அப்பா சொந்தமாக ஒரு லாரி ஓட்டினார். செய்தியும் கால்பந்தும் தவிர டிவியில் வேறெதையும் பார்க்க மாட்டார். கதைக்காக நான் வரைந்த ஒரு மயில் எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிட்டது. (இன்ஸ்பெக்டர் யாழிசைக்கு மயில் பரிசளிக்கிறார். போலீஸ்காரர் ஏன் மயில் கொடுக்கிறார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.) பந்தலுக்குச் சாமி படம் நான்தான் வரைய வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். ரதம் போகிற டத்தோ கிராமட் சாலையில் எங்கள் பந்தலுக்குப் பக்கத்தில் சேகர் அங்கிளின் பந்தல். இரண்டு தலைவர்களும் பத்து வருடமாகச் சிரித்துக்கொண்டே மோதுகிறவர்கள்.

"எங்க பந்தலுக்கு எம் மகளே கையால சாமி வரையுறா லா சேகர்" என்று அப்பா போனில் சொன்னது வாசல்வரை கேட்டது. "கடையில பிரிண்ட் பண்ணி மாட்டுற வேலையெல்லாம் எங்களுக்குக் கிடையாது."

வீட்டு முன்புறத்தில் பலகைகளைச் சேர்த்து ஆணியடித்துக் கொடுத்தார்கள். நடுவில் முருகன், ஒரு பக்கம் வள்ளி, மறுபக்கம் தெய்வானை, பின்னால் மயில். வேலை விட்டு வந்து தினமும் வரைந்தேன். சத்தியமாக நான் முருகனைத்தான் நினைத்தேன், கைதான் ஆரூரனை நினைத்தது. வள்ளிக்கு யாரை வைப்பது என்று கை என்னிடம் கேட்கவே இல்லை. தெய்வானைக்கு இன்னொரு முகம் தேவைப்பட்டது, இரண்டு வருட ஆத்திரம் தூரிகை வழியாக இறங்கி சஹானாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. வாயைச் சற்றுக் கோணலாகவும் வைத்துவிட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். முருகனையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தெரிஞ்ச முகமா இருக்கும்மா. தினமும் நேர்ல பாக்குற மாதிரியே இருக்கு."

தினமும் எட்டு மணிக்கு சோபாவில் உட்கார்ந்து சீரியலில் பார்க்கிறார் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. நான் அதைக் கலையின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அப்பா, "சாமிக்கு நல்ல கம்பீரம்" என்று சொல்லிவிட்டு, படத்தைக் கான்வாஸ் போர்த்தி லாரியில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டித் தீவுக்குக் கொண்டுபோனார்.

ரதம் புறப்படும் நாள் காலையில் பந்தலில் துணியை விலக்கினார்கள். நான் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுக்கப் போனேன். அதுவரைக்கும் அந்தப் படத்தை ஒரு கை தூரத்திலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் ஆரூரன் கையில் வேலோடு நின்றுகொண்டிருந்தார். இடது புருவத்தைத் தூக்கி, கும்பிட வருகிறவர்களையெல்லாம் "நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மச்சத்தோடு நான், வெட்கப்பட்டுக்கொண்டு.

யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாலையைக் கடந்தேன். அதற்குள் பந்தல் முன்னால் இளம்பெண்கள் கூட்டம் கூடி, முருகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அதில் பாதிப் பேர் புருவத்தையும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வருகிறவர்களுக்கு ரோஸ் சிராப் தண்ணி ஊற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "பாத்தியா, சேகர் பந்தல்ல ஈ காக்கா இல்லை. சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட எவ்வளோ பக்தி வந்துருச்சு பாரு."

ஒரு வயதான அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "தெய்வானை அம்மா முகம் ஏன்மா இப்பிடி இருக்கு? வயித்து வலியா?"

நான் பதில் தேடுவதற்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி, கையில் சிராப் கோப்பையோடு வந்து படத்தையும் என் மோவாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதானே தூரிகைத் தேவதை? நான்தான் பைரவி. பட்டர்வொர்த் பைரவி."

"இல்லை" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாருக்கும் ஒரே மூஞ்சின்னு. சாமியையும் விட்டு வைக்கலையா நீங்க?" என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அங்கிள், உங்க மகளா இவங்க? பெரிய ரைட்டர் லா. இன்ஸ்பெக்டர் கடைசில யாரைக் கட்டிக்குவாருன்னு நாங்க எத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்கோம் தெரியுமா?"

"எந்த இன்ஸ்பெக்டர்?" என்றார் அப்பா.

பைரவி படத்தைக் காட்டினாள். பிறகு போனை எடுத்து ஆரூரனின் போட்டோவைக் காட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். தன் அபிமான வரியைச் சத்தமாக வாசித்தும் காட்டினாள்: "ஆரூரனின் இடது புருவம் உயர்ந்தது. யாழிசையின் உலகம் தாழ்ந்தது. அவள் மோவாயின் மச்சம் நாணத்தால் சிவந்தது."

மச்சம் எப்படிச் சிவக்கும்? எழுதும்போது எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. நடுச்சாலையில், மேளச் சத்தத்துக்கு நடுவில், அப்பாவின் முன்னால் அதைக் கேட்டபோதுதான் வந்தது. எழுத்தைத் திருத்த அதைவிடச் சிறந்த வழி இல்லை. உங்கள் வரியை உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பாதி உரிச்சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

பக்கத்துப் பந்தலிலிருந்து சேகர் அங்கிள் நிதானமாக நடந்து வந்தார். இடுப்பில் கை வைத்துப் படத்தை நன்றாக ரசித்தார்.

"என்னலா, சாமிக்கு போலீஸ் வேலை கெடச்சிருச்சா? சொல்லவே இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தான் சாலையில் தேங்காய் உடைபடும் சத்தம் நெருங்கியது. ரதம் வந்துகொண்டிருந்தது. அப்பா பலகை மேல் பாய்ந்தார். ரதத்துக்குப் போடுவதற்காக வாங்கிவைத்திருந்த சாமந்தி மாலைகளை அள்ளி முருகன் முகத்தின் மேல் தொங்கவிட்டார். மூக்கு மறைந்தது, வாய் மறைந்தது, வலது கண்ணும் மறைந்தது. இடது புருவம் மட்டும் மாலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. மாலையை ஏற்றினால் வாய் வெளியே வந்தது. கடைசியில் ஸ்டூலில் ஏறி, இரண்டு கையாலும் மாலையை நெற்றியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், முகம் பலகையைப் பார்த்தபடி, முதுகு சாலையைப் பார்த்தபடி.

வெள்ளி ரதம் எங்கள் பந்தலுக்கு நேர் எதிரே நின்றது. தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அப்பாவின் கையும் தலைக்கு மேலேதான் இருந்தது, ஓர் இன்ஸ்பெக்டரின் புருவத்தை அமுக்கிக்கொண்டு.

ரதம் நகர்ந்தது. "போயிடுச்சா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"போயிடுச்சுப்பா."

வருடம் முழுக்க அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவர் பந்தல் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். பைரவி வாசித்தபோது வந்தது வெட்கம், இது வேறு. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. "மன்னிச்சிருங்கப்பா" என்றேன்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழ்களைத் தட்டிவிட்டு, வள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மச்சத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அந்தப் பையன் நெசமாவே போலீஸா?"

"இல்லப்பா. நடிகர்."

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு சிராப் ஊற்றப் போய்விட்டார்.

அன்று மாலையே சேகர் அங்கிள் பெருந்தன்மையாக ஒரு பிரிண்ட் முருகனை எங்களுக்கு இரவல் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைத்தான் அப்பாவால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. என் கதை அதோடு நின்றது. இன்ஸ்பெக்டர் யாரைக் கட்டிக்கொண்டார் என்று பைரவிக்கு இன்றுவரை தெரியாது. சில வருடம் கழித்து எனக்கு வரன் வந்தபோது, அப்பா மாப்பிள்ளை போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, "ரெண்டு புருவமும் ஒரே மட்டத்துலதான் இருக்கு, பேசலாம்" என்றார். என் கணவரின் வீட்டார் அதை ஏதோ சாமுத்திரிகா லட்சணம் என்று நினைத்துப் பெருமைப்பட்டார்கள்.

பந்தலில் எனக்கு இன்னும் வேலை உண்டு. முகங்களைக் கடையில் அச்சடித்து வாங்கிவிடுகிறார்கள், மயில் மட்டும் என் பொறுப்பு. "எம் மகதான் வரையுறா லா" என்று அப்பா சேகர் அங்கிளிடம் இப்போதும் சொல்கிறார், கொஞ்சம் மெதுவாக. இந்த வருடம் மயிலை முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தார், எட்டிப் போய் நின்றும் பார்த்தார்.

"மயிலுக்கு எதுக்கும்மா புருவம்?"

"அது புருவம் இல்லப்பா. மயிலுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளையா ஒரு கோடு நெசமாவே இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "அது ஏன் தூக்கியிருக்கு?"