மோதிரம் ஏறாத விரல்

கல்யாணத்தன்று மாப்பிள்ளை பயப்படுவது சகஜம்தான். பெண்ணைக் கண்டு பயப்படுவான், மாமனாரைக் கண்டு பயப்படுவான். சொந்த விரலைக் கண்டு நடுங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுவில் துவாக்குடியில் ஒரு சின்ன தொழிற்கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். தங்கியது லாட்ஜில். மெஸ் சாம்பார் பிடிக்காமல், அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டேன். காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். நடுவில் க்ரீம் பிஸ்கட், சிப்ஸ், பாட்டில் பாட்டிலாக ஆரஞ்சு கலர். நிச்சயதார்த்தத்தில் மோதிரத்துக்கு அளவெடுத்தபோது குச்சியாக இருந்தவன், கல்யாணத்துக்குள் பாலில் ஊறிய பன் மாதிரி ஆகிவிட்டேன். கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. "மாப்பிள்ளை பூசினாப்ல இருக்காரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். (பாராட்டு என்றே நம்பினேன்!)

கல்யாணத்தன்று காலையில் பதற்றத்துக்கு ஒரு பாக்கெட் சிப்ஸ் தின்றுவிட்டுத்தான் மாதா கோயிலுக்குப் போனேன். மோதிரம் மாற்றும் நேரம் வந்தது. ஸ்டெல்லா என் விரலில் மோதிரத்தைப் போட்டாள். அது கணுவோடு நின்றுவிட்டது. அழுத்தினாள். ம்ஹூம்.

"விரலை நேரா வைங்க" என்று கிசுகிசுத்தாள்.

"நேராத்தாங்க வச்சிருக்கேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிடுங்க."

முன்வரிசையில் என் அம்மா சிலுவை போட்டுக்கொள்வது தெரிந்தது. ஃபாதர் குனிந்து, "என்னப்பா, நீ சம்மதம் சொல்லிட்ட, விரல் சொல்லலையா?" என்றார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நானே மோதிரத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். உயிர் போகிற வலி. மோதிரம் உள்ளே போய்விட்டது. ஸ்டெல்லா சிரித்தாள்.

விருந்தில் பிரியாணி பரிமாறும்போது விரலைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. சோப்பு, தேங்காய் எண்ணெய், எதற்கும் அசையவில்லை. ஸ்டெல்லாவின் டாக்டர் பெரியப்பா வந்து பார்த்தார்.

"உடனே மோதிரத்த வெட்டணும். இல்லேன்னா விரல வெட்ட வேண்டி வரும்."

(எனக்குப் பின்பாதி மட்டும்தான் கேட்டது.) அப்படியே நாற்காலியில் சரிந்தேன். ஒரு கை மாப்பிள்ளையோடு அவள் எப்படி வாழ்வாள் என்று யோசித்தேன். போவது ஒரு விரல்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

சின்னக்கடை வீதியில் ஒரு நகைப் பத்தர் பட்டறைக்குக் கூட்டிப்போனார்கள். பட்டுப்புடவையோடு ஸ்டெல்லாவும் வந்தாள். பத்தர் வெட்டுக்கத்தரியை எடுத்ததும் நான் போட்ட அலறலில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவள் என் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். 'டிக்' என்று ஒரு சத்தம். விரலுக்கு மெல்ல ரத்த ஓட்டம் திரும்பியது. எனக்கு அழுகை வந்தது.

"இத்தனை நாளா என்னப்பா சாப்பிட்ட?" என்றார் கூடவே வந்திருந்த பெரியப்பா. சொன்னேன்.

"சோறு, காய்?"

வெட்டுப்பட்ட மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கொழுப்பு மட்டும் இல்லப்பா, அத்தனை உப்பு. உடம்பே வீங்கிக் கிடக்கு. இப்படியே போனா அடுத்தது நெஞ்சுதான்."

விரல் தப்பியதில் வந்த நிம்மதி அதோடு போயிற்று. அன்று ராத்திரி நெஞ்சில் கைவைத்தபடியே படுத்திருந்தேன். ஸ்டெல்லா மறுநாளே லாட்ஜ் அறைக்கு வந்து பாக்கெட்டுகளை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டாள். கீரையும் கூட்டுமாகச் சாப்பிட்டு உடம்பு இறங்க ஒரு வருஷம் பிடித்தது.

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மோதிரத்தட்டு வந்தவுடன் என் மச்சான் சத்தமாகக் கேட்பார்: "மாப்பிள்ளை காலையில என்ன சாப்பிட்டாரு?"

கோயிலே திரும்பிப் பார்க்கும். மாப்பிள்ளையை அல்ல, என்னை. நானும் ஒவ்வொரு முறையும் என்னை அறியாமல் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்கிறேன்.