எங்கள் இணையம் வேலி தாண்டிப் போனது பற்றி

வட்டக்கச்சி,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய தங்கராசா மாமா அறிய, மருமகள் சுதாஜினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், பசு வெள்ளச்சி எல்லோரும் சுகம். வவுனியாவில் நீங்களும் மாமியும் அப்படியே இருக்க வேண்டும். சென்ற மாதம் அறுவடைக்கு வந்த நீங்கள், மழை இருட்டியதைக் கண்டதும் முற்றத்தில் கிடந்த நெல்மூட்டைகள் அத்தனையையும் தனி ஆளாய் ஹோலுக்குள் கூரை முட்ட அடுக்கித் தந்தீர்கள். "தங்கராசா அடுக்கினா எறும்பும் நுழையாது" என்று அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விலை ஏறும்வரை விற்பதில்லை என்று அவர் பிடிவாதமாக இருப்பதால், மூட்டைகள் நீங்கள் வைத்தபடியே இருக்கின்றன.

மாமா, இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் உங்களுக்கு மூன்று செய்திகள் அனுப்பினேன். மூன்றும் மணிக்கூட்டுப் படத்துடன் எங்கள் வீட்டிலேயே நிற்கின்றன. அழைப்பு எடுத்துச் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அழைப்பு எடுத்தால் வேலிக்கு அப்பால் கேட்கும். நான் சொல்லப்போவது அந்த வேலிக்கு அப்பால் இருப்பவரைப் பற்றி.

நீங்கள் வாங்கித் தந்த வைபை பெட்டி வந்த முதல் இரண்டு வாரமும் அருமையாக வேலை செய்தது. அதற்குப் பிறகு படிப்படியாக அல்ல, ஒரேயடியாக நோய்ப்பட்டது. குசினியில் சிக்னல் ஒரு கோடு, என் மேசையில் ஒரு கோடு, சில வேளை அதுவுமில்லை. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இணையவழி விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. அவரவர் வீட்டிலிருந்தே பேச வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் இணைப்பு அறுந்தால் அணி வெளியே. எங்கள் பாடசாலை இந்தப் போட்டியில் இறுதிவரை வந்தது இதுவே முதல் தடவை. அரையிறுதியில் "கைபேசி மாணவருக்கு வரமே" என்று நான் பேசத் தொடங்கினேன்; "வரமே" என்ற இடத்தில் வாயைத் திறந்தபடி ஒன்றரை நிமிடம் உறைந்துபோனேன். அந்தப் படத்தை எங்களுக்கு விவாதம் பழக்கும் பத்மாசனி டீச்சர் வைத்திருக்கிறா. நாங்கள் வென்றது என் வாதத்தினால் அல்ல. எதிரணிப் பிள்ளையின் இணைப்பு மூன்றாம் நிமிடத்தில் முழுதாய்ச் செத்துப்போனதால். இறுதியில் எதிரணி யாழ்ப்பாணப் பட்டணம். அவர்களுடைய இணைப்பு சாகாது.

ஆகவே நான் விசாரணையைத் தொடங்கினேன். ஒரு கொப்பியில் முதலில் இணையம் நோய்ப்பட்ட நாளையும் அன்று எங்கள் ஹோலுக்குள் வந்தவர்களின் பெயர்களையும் குறித்தேன். பிறகு இடம், நேரம், எத்தனை கோடு என்று ஐந்து நாள் எழுதினேன். மாட்டுக்கொட்டிலில் கோடு இல்லை. கிணற்றடியில் ஒன்று. ஆனால் கமலாசனி அன்ரியின் வேலியடியில், அவாவின் முருங்கை மரத்துக்குக் கீழே, முழுக் கோடுகளும்! காலையிலும் முழுக் கோடு, மாலையிலும் முழுக் கோடு. பெட்டி எங்களுடையது, இணையம் அவாவின் முருங்கையடியில் குடியிருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்குக் கமலாசனி அன்ரி கதிரையைக் கொண்டுவந்து அதே இடத்தில் போட்டு, போனில் நாடகம் பார்த்துக் கண்ணைத் துடைக்கிறா. அவாவுக்கு நாடகம் ஒரு தடவையாவது நின்றதில்லை. எனக்கு ஒரு சொல்லை முடிக்க முடியவில்லை. வேறு யாரைச் சந்தேகிப்பது?

கடவுச்சொல்லை மாற்றினேன். பசுவின் பெயரும் எங்கள் லான்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் இலக்கமும் சேர்த்து, யாராலும் ஊகிக்க முடியாததாய் வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"இரஞ்சிதம், என்ர போனில வருகுதில்லையடி. பிள்ளை என்னவோ மாத்திப்போட்டாள் போல."

நான் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டே அதைக் கவனிக்காமல் குரல் கொடுத்தா: "அது வெள்ளச்சி, அக்கா! பிறகு லான்ட்மாஸ்டர் நம்பர்! உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் ஓம், போன மாசம் என்ர வேலியை இடிச்ச லான்ட்மாஸ்டர்தானே, அந்த நம்பரை நான் மறப்பனே!"

இது தெருவுக்கே கேட்டது. அம்மாவிடம் சண்டை போட்டேன். "கோடை வறட்சியில அவவின்ர கிணத்துத் தண்ணியில குளிச்சனி, இப்ப நாடகத்துக்குக் கணக்குப் பாக்கிறியோ?" என்று என்னையே ஏசினா. நன்றி வேறு, நீதி வேறு என்று சொன்னேன். அகப்பையை எடுத்தா. வாதத்தை அத்துடன் நிறுத்தினேன்.

பிறகு அப்பாவைக் கொண்டு கம்பனிக்கு அழைப்பு எடுத்தேன். அந்தப் பக்கம் பேசிய அக்கா, பெட்டியை நிறுத்தி மறுபடி போடச் சொன்னா. பெட்டி நீங்கள் வைத்த ஹோல் ஜன்னல் கட்டிலேயே பத்திரமாக இருக்கிறது, இப்போது யாருடைய கையும் அதற்கு எட்டாது. எனவே அப்பா வீட்டு மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டார். குசினியில் அம்மாவின் கிரைண்டர் சம்பலோடு நின்றது. அடுத்து அந்த அக்கா, "பெட்டிக்கும் போனுக்கும் நடுவில சுவர் ஏதும் இருக்கோ ஐயா?" என்று கேட்டா.

"சுவரோ? ஒரு சுவரும் இல்லைப் பிள்ளை. எல்லாம் ஒரே ஹோல்தான்," என்றார் அப்பா, பெருமையாக.

"அப்ப வேற ஆக்கள் பாவிக்கினம் போல."

மாமா, கம்பனியே சொல்லிவிட்டது! ஆகவே என் வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமையே புறப்பட்டு வாருங்கள். அறுவடைக்கு முன் நம் வயலில் கட்டாக்காலி மாடு இறங்கியபோது அதன் சொந்தக்காரருக்கு ஒரு முகம் காட்டினீர்களே, அந்த முகத்தோடு வேலியடியில் சும்மா நின்றாலே போதும். பேசவும் தேவையில்லை. பாடசாலையின் மானம் உங்கள் முகத்தில் தங்கியிருக்கிறது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் நோவு தீர வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
தில்லைநாதன் சுதாஜினி

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை): கடிதத்தை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்திருக்கிறேன். பின்னேர வவுனியா பஸ்ஸில் கொடுத்துவிட்டால் இன்றிரவே உங்கள் கைக்கு வந்துவிடும். காலையில் பொறுக்க முடியாமல் கொப்பியுடன் வேலியடிக்குப் போய்க் கமலாசனி அன்ரியிடம் நேரே கேட்டுவிட்டேன். அவா கோபிக்கவில்லை. கொப்பியை முழுதாக வாசித்தா. பிறகு என் தோளைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கமாகத் திருப்பினா. "அங்க பார். உன்ர பெட்டி ஜன்னலுக்குள்ளால என்னைப் பாத்துப் பச்சை லைற் அடிக்குது. உங்களுக்கு முன்னால நெல்லு மூட்டை மதில் மாதிரி நிக்குது. ஈர நெல்லுக்குள்ளால அது எப்பிடியடி வரும்?" என்றா. அவாவே சேலையைச் செருகிக்கொண்டு வந்து, அப்பாவோடு சேர்ந்து பதினொரு மூட்டைகளை இறக்கினா. பெட்டி வெளியே வந்தது. என் மேசையில் முழுக் கோடுகள். ஞாயிற்றுக்கிழமை காலை நாடகம் பார்க்கமாட்டேன் என்று அவா தானாகவே சொன்னா. நான்தான் பார்க்கச் சொன்னேன்.

கொப்பியை மீண்டும் புரட்டினேன் மாமா. இணையம் நோய்ப்பட்ட நாளும், மழை இருட்டிய நாளும் ஒன்று. அன்று எங்கள் ஹோலுக்குள் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலில் எல்லோரையும் எழுதியிருந்தேன். நம் ஆள் என்பதால் ஒருவரை மட்டும் விட்டிருந்தேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள், அதே முகத்தோடு. வேலியடிக்குப் போக வேண்டாம். எங்கள் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் சற்று நின்றுவிட்டு, மிச்ச மூட்டைகளையும் இறக்கித் தந்தால் போதும்.