செவலை கழுத்தில் வடைமாலை

படித்த மாப்பிள்ளைகளுக்கு மாமனார் வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. நான் மட்டும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

தலைப் பொங்கலுக்குச் செஞ்சிக்குப் போயிருந்தேன். மாமனாரின் பசு செவலை, கோட்டை மலையடிவாரத்தில் மேய்ந்துவிட்டுக் காது, மடியெல்லாம் உண்ணியோடு வரும். மாமா தினமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். இதை மனைவி சொல்லக் கேட்டு, பூச்சிமருந்து ஊறிய கழுத்துப்பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போனேன். கட்டினால் போதும், மருந்து தோலில் பரவி உண்ணி உதிர்ந்துவிடும்.

“இன்னா மாப்ள, மாட்டுக்கு பெல்ட்டா?”

“சயின்ஸ் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க.”

மாட்டுப் பொங்கலன்று காலையில் கட்டிவிட்டேன். கூட வந்த தாளைப் படிக்காமல் தூக்கிப் போட்டேன். (நான் ஏசி விற்கிறவன். எந்தத் தாளை எவன் படித்தான்?)

சாயங்காலம் அத்தை, தான் சுட்ட வடைகளை மாலையாகக் கோத்து, அந்தப் பட்டைக்கு மேலேயே செவலைக்குப் போட்டார். தெருவைச் சுற்றி வந்ததும் ஆளுக்கொன்று பிய்த்துத் தின்பது அங்கே வழக்கம். மாடு கிளம்பிப் போன பிறகுதான் குப்பையில் கிடந்த தாள் கண்ணில் பட்டது: ‘விஷம். உணவுப் பொருளில் படக்கூடாது.’

தெருவுக்கு ஓடினேன். மாமாவின் அண்ணன் முதல் வடையை வாயருகே கொண்டுபோயிருந்தார். தட்டிவிட்டேன். வடை சாக்கடையில் விழுந்தது. தெருவே என்னை முறைத்தது.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சயின்ஸ் மானம் என்னாவது?

“யாரும் தின்னாதீங்க! வடை ஊசிப்போச்சு!”

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “மத்தியானம் சுட்ட வடை அதுக்குள்ள ஊசிப்போச்சா? நானே தின்னு காட்டறேன், பாருங்க!” பட்டையை ஒட்டித் தொங்கிய வடையாகப் பார்த்துப் பிய்த்தார்.

“ஐயோ அத்தை, வேணாம்! வடை நல்லாத்தான் இருக்குது! நான் கட்டுன பெல்ட்டுலதான் விஷம்!”

எல்லார் கையையும் சோப்பு போட்டுக் கழுவவைத்து, மாலையைக் குழி தோண்டிப் புதைத்தேன். அடுத்த வாரமே உண்ணி மொத்தமும் உதிர்ந்துபோனது. அதைப் பற்றி ஒரு ஜென்மம் வாயைத் திறக்கவில்லை.

வருடம் ஆறாகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், “கல்யாணமாகி மொதப் பொங்கலுக்கே எங்கம்மாவுக்கு விஷம் வைக்கப் பாத்தவரு” என்றுதான் மனைவி என்னை அறிமுகப்படுத்துவாள். அத்தை உடனே குறுக்கே வருவார்:

“அதுகூடப் போவுது. செத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். என் வடையப் போயி ஊசிப்போச்சின்னுட்டாரே!”