வரவேற்பறையில் ஒரு வினையடை

ரெஜினால்டு குளிர்ந்த நடைக்கூடத்தில் நிற்க ஆரம்பித்துப் பத்து நிமிடமாகிவிட்டது. கால்விரல் விறைத்துப் போயிற்று. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடுகிற வழியாக இல்லை.

கிறிஸ்துமஸ் மத்தியானம் ஹார்கிரீவ்ஸ் வீட்டில் வருஷம் தவறாமல் நடக்கும் ஆட்டம் அது. ஒருவர் வெளியே போக வேண்டும். மற்றவர்கள் ‘மெதுவாக’, ‘கோபமாக’ என்பதுபோல் ஒரு வினையடையை ரகசியமாகத் தேர்ந்தெடுப்பார்கள். வெளியே போனவர் திரும்பி வந்து எந்த வேலையைச் சொன்னாலும் அந்த வார்த்தைப்படியே செய்து காட்டுவார்கள். வார்த்தை என்னவென்று அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

“அப்பாவுக்கு இந்த ஆட்டம்னா உயிரு. ஜெயிச்ச கையோட கல்யாணப் பேச்ச எடுத்துடு” என்று அவன் காதலி ஃபிலிப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆங்கில இலக்கண வாத்தியாரான அவனுக்கு வினையடை என்ன பிரமாதம்? ரெஜினால்டு பொறுமையிழந்து வரவேற்பறைக் கதவைத் திறந்தான்.

உள்ளே ஃபிலிப்பாவின் அப்பா ஹார்கிரீவ்ஸும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்கள் ஒளிந்திருந்து வேடிக்கை பார்க்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

“சார், எனக்குக் கொஞ்சம் டீ ஊத்துங்களேன்.”

ஹார்கிரீவ்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரைக் கோப்பை ஊற்றினார்.

“கஞ்சத்தனமாக!”

அவர் முகம் சிவந்தது. விடை தப்பு போலிருக்கிறது.

“மேடம், என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிங்க.”

அந்த அம்மாள் பல்லை மட்டும் காட்டினாள்.

“போலியாக!”

“என்ன தம்பி பேசுற நீ?” என்றாள் அவள். என்னமாய் நடிக்கிறாள் என்று ரெஜினால்டு வியந்துபோனான்.

“சார், மேடத்தக் கட்டிப் பிடிங்க பாப்போம்.”

விருந்தாளி கேட்டதை மறுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஹார்கிரீவ்ஸ் எழுந்தார். குதிரையைத் தட்டிக் கொடுப்பதுபோல் மனைவியின் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

“வேண்டாவெறுப்பாக!”

“கேட்டீங்களா? இன்னிக்கி வந்த பையனுக்கே தெரியுது!” என்று அம்மாள் கொதித்தாள்.

“அவன் கெடக்கான். நீ சும்மா இரு, மார்ஜரி!”

“முப்பத்தோரு வருஷமா சும்மாத்தானே இருக்கேன்!”

அம்மாள் வீசிய கிறிஸ்துமஸ் கேக் தட்டோடு பறந்து கணப்பு நெருப்பில் விழுந்தது.

“ஆக்ரோஷமாக!” ரெஜினால்டு துள்ளிக் குதித்தான். ஜெயித்தாயிற்று. சட்டென்று மண்டியிட்டான். “சார், உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுங்க!”

சமையலறைக் கதவு திறந்தது. ஃபிலிப்பாவின் தங்கை இமோஜன் தலையை நீட்டினாள்.

“ஐயையோ, நீங்க ஏன் அதுக்குள்ள வந்தீங்க? இங்க நாங்க இன்னும் வார்த்தையே முடிவு பண்ணல. அப்பாவும் அம்மாவும்தான் இந்த வருஷம் ஆட்டத்துக்கே வரலன்னுட்டாங்களே!”